வாட்ஸ்அப்பில் விளையும் நெல்லும் வயலில் விளையும் நெல்லும்

காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டுவதற்கு முன்னால் கைபேசியைப் பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது. "அண்ணே, கத்தரி இலை சுருண்டு போச்சு, என்ன அடிக்கலாம்?" என்று ஒருவர் குழுவில் படம் போடுவார். பத்து நிமிடத்தில் எட்டுப் பதில் வந்து விழும். ஒருவர் வேப்பங்கொட்டைக் கரைசல் என்பார். இன்னொருவர் புளித்த மோர் என்பார். மூன்றாமவர் இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் என்பார். "செடியைப் பிடுங்கிப் போடுங்க, மத்ததுக்கும் பரவிடும்" என்று ஒருவர் பயம் காட்டுவார். எட்டும் நல்ல மனசோடு வந்த பதில்தான். ஆனால் யார் வயலில், எந்த மண்ணில், எப்போது செய்து பார்த்தது, எத்தனை செடி தேறியது என்ற விவரம் மட்டும் ஒன்றிலும் இருக்காது.

இந்தக் கைபேசி உழவனுக்கு நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயனில்லை. அது வீட்டுக்குள் வந்தாயிற்று, இனி போகாது. அதை வைத்து நாம் அறிவை வளர்க்கிறோமா, வதந்தியை வளர்க்கிறோமா என்பதுதான் பார்க்க வேண்டியது. இதற்கு நமக்கெல்லாம் தெரிந்த ஒரு பயிர்முறையின் கதையே நல்ல பாடம். அதுதான் ஒற்றை நாற்று நடவு. செம்மை நெல் சாகுபடி என்றும், திருந்திய நெல் சாகுபடி என்றும், எஸ்.ஆர்.ஐ. என்றும் சொல்கிறோமே, அதே முறைதான். அந்த முறை உலகம் சுற்றியதில் இணையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பெயர் கெட்டதிலும் இணையத்துக்குப் பங்கு உண்டு.

மடகாஸ்கரில் ஒரு பாதிரியார்

ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் மடகாஸ்கர் தீவில் மூன்று வேளையும் அரிசிச் சோறுதான். 1961-இல் அங்கே போய்ச் சேர்ந்தவர் ஹென்றி டி லௌலானியே என்ற பிரெஞ்சு நாட்டு இயேசு சபைப் பாதிரியார். வேளாண்மை படித்தவர். இருபது ஆண்டுக்கு மேல் அந்த ஊர் உழவர்களின் வயல்களில் நின்று, அவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டவர். ஒரு சில இடங்களில் உழவர்கள் குத்துக்கு ஒரே நாற்று வைப்பதையும், சில இடங்களில் வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுவதையும் கவனித்தார். 1983-இல் மழை ஏமாற்றிய பருவத்தில், 15 நாள் நாற்றை நட வேண்டிய கட்டாயம் வந்தது. தேறாது என்று நினைத்த பயிர், எதிர்பாராத அளவுக்குத் தூர் வெடித்தது.

அதிலிருந்து படிப்படியாக முறை உருவானது. இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக அகல இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர், உருளும் களைக்கருவியால் மண்ணைக் கிளறிவிடுவது, தொழு உரம். இதில் விலை கொடுத்து வாங்க வேண்டிய பெரிய இடுபொருள் எதுவும் இல்லை. விதை நெல்லும் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ போதும். அதனாலேயே இதைப் பரப்புவதில் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை. 1990-இல் லௌலானியேவும் நண்பர்களும் டெஃபி சைனா என்ற சிறு அமைப்பைத் தொடங்கி, கால்நடையாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 1995-இல் அவர் இறந்தபோது இந்த முறை அந்தத் தீவைத் தாண்டவில்லை.

ஆய்விதழ் சாத்திய கதவு

தாண்ட வைத்தவர் நார்மன் அப்ஹாஃப். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் படித்தது அரசியல் அறிவியல், பயிரியல் அல்ல. 1990-களின் நடுவில் மடகாஸ்கரின் ரனோமஃபானா காட்டை ஒட்டிய ஊர்களில், ஹெக்டேருக்கு 2 டன் எடுத்த உழவர்கள் இந்த முறையில் சராசரியாக 8 டன் எடுத்ததாகக் கணக்கு வந்தது. அவரும் முதலில் நம்பவில்லை. மூன்று பருவம் பார்த்த பிறகுதான் மற்ற நாடுகளுக்குச் சொல்லத் தொடங்கினார். 1999-இல் சீனாவின் நாஞ்சிங் வேளாண் பல்கலைக்கழகத்தில் சோதனை நடந்தது. அடுத்து இந்தோனேசியா. 2000-இல் நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோவையில் சோதனையைத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் ஒரு புதிய முறை விஞ்ஞானம் என்று பெயர் வாங்க வேண்டுமானால் ஆய்விதழில் கட்டுரையாக வர வேண்டும். கட்டுரையை மற்ற விஞ்ஞானிகள் படித்து ஒப்ப வேண்டும். அதற்கே ஆண்டுக்கணக்கில் ஆகும். உழவர் சங்கத்துக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் அந்தக் கதவு திறக்காது. கார்னெல்காரர்கள் வேறு வழியில் போனார்கள். இணையதளம் ஒன்றைத் தொடங்கி, எந்த நாட்டிலிருந்து எந்த முடிவு வந்தாலும் அதில் ஏற்றினார்கள். மின்னஞ்சல் மூலம் ஒரு நாட்டு உழவர் குழுவின் அனுபவம் இன்னொரு நாட்டுக்குப் போனது. கியூபாவில் செய்ததை கம்போடியாவில் படித்தார்கள். 2002-இல் சீனாவின் சான்யா நகரில் முதல் பன்னாட்டு மாநாடு கூடியபோது பல நாட்டவர் தங்கள் கணக்கோடு வந்து உட்கார்ந்தார்கள். இன்று 50 நாடுகளுக்கு மேல் இந்த முறை போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்தக் கம்பெனி விளம்பரமும் இல்லாமல் ஒரு பயிர்முறை இவ்வளவு வேகமாகப் பரவியது பெரிய விஷயம்.

பெரிய விஞ்ஞானிகளுக்கு இது பிடிக்கவில்லை. 2004-இல் 'ஃபீல்ட் கிராப்ஸ் ரிசர்ச்' என்ற ஆய்விதழில் அடுத்தடுத்து கட்டுரைகள் வந்தன. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் சீனாவில் மூன்று இடங்களில் சோதித்துவிட்டு, வழக்கமான நல்ல முறையைவிட இதில் ஒன்றும் கூடுதல் இல்லை என்றார்கள். இன்னும் இருவர் இதைப் பறக்கும் தட்டு பார்த்ததாகச் சொல்கிற கதைக்கே ஒப்பிட்டார்கள். இந்தப் பக்கம் நின்றவர்கள், "நீங்க முறையை முழுசா செய்யவே இல்லையே, ரசாயன உரத்தைக் கொட்டித்தானே சோதிச்சீங்க" என்று திருப்பிக் கேட்டார்கள். 2006-இல் அதே கார்னெலிலிருந்தே மூன்று பேர், மடகாஸ்கருக்கு வெளியே இந்த முறை சிறந்த வழக்கமான முறையை வெல்லவில்லை என்று கட்டுரை எழுதினார்கள்.

நாம் இயற்கை வேளாண்மைக்காரர்கள். நம் பக்கத்து ஆள் அடி வாங்கினால் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் அந்த விஞ்ஞானிகள் கேட்டதில் நியாயமான கேள்விகள் இருந்தன. எத்தனை சதுர மீட்டரில் அறுத்தீர்கள்? நெல்லின் ஈரப்பதம் என்ன? எதோடு ஒப்பிட்டீர்கள்? இணையத்தில் ஏறிய பல கணக்குகளில் இவற்றுக்குப் பதில் இல்லை.

தாமிரபரணியில் அளந்தது

இந்தச் சண்டை நடந்த அதே காலத்தில் தமிழ்நாட்டில் நடந்தது வேறு மாதிரி. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தி.ம. தியாகராஜன் குழுவினர் 2003-04-இல் தாமிரபரணிப் பாசனத்தில் 100 உழவர்கள், காவிரிப் பாசனத்தில் 100 உழவர்கள் என்று எடுத்துக்கொண்டு, அவரவர் வயலிலேயே ஒற்றை நாற்றையும் வழக்கமான நடவையும் பக்கத்தில் பக்கத்தில் போட வைத்தார்கள். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே கை. தாமிரபரணியில் வழக்கமான நடவில் ஹெக்டேருக்கு சுமார் 5.7 டன் வந்த இடத்தில் ஒற்றை நாற்றில் சுமார் 7.2 டன் வந்தது. ஒன்றரை டன் கூடுதல்.

மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒன்றரை டன்னை யாராலும் அசைக்க முடியவில்லை. அரசு இதைத் திட்டமாக எடுத்து மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோனதற்கு இப்படிப்பட்ட கணக்குதான் துணை நின்றது. இணையம் செய்தியைக் கொண்டுவந்தது. நம்பிக்கையைக் கொண்டுவந்தது அளவுகோலும் தராசும்.

இதில் இன்னொரு பழைய செய்தியும் உண்டு. நூறு ஆண்டுக்கு முன்பே, 1900-களின் தொடக்கத்தில், சென்னை மாகாண வேளாண் துறை ஒற்றை நாற்று நடவைப் பரப்பப் பாடுபட்டிருக்கிறது. தஞ்சைப் பக்கத்து உழவர்கள் செய்தும் பார்த்திருக்கிறார்கள். அந்த அனுபவம் அடுத்த தலைமுறைக்கு வந்து சேரவில்லை. மடகாஸ்கர் போய்த் திரும்பி வர வேண்டியதாயிற்று. எழுதி வைத்ததும் தேடி எடுக்க ஆளில்லாமல் போனால் இந்தக் கதிதான்.

22.4 டன்

இப்போது மறுபக்கம். 2011 காரிஃப் பருவத்தில் பீகார் மாநிலம் நாலந்தா மாவட்டம் தர்வேஷ்புரா கிராமத்தில் சுமந்த் குமார் என்ற உழவர் ஹெக்டேருக்கு 22.4 டன் நெல் எடுத்ததாக அறிவிப்பு வந்தது. உலக சாதனை என்றார்கள். 2013 பிப்ரவரியில் பிரிட்டனின் 'கார்டியன்' நாளிதழ் அந்த ஊருக்கு ஆள் அனுப்பிச் செய்தி போட்டது. அவ்வளவுதான், ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் உலகம் முழுக்கப் பறந்தது. சீனாவின் வீரிய ஒட்டு நெல் விஞ்ஞானி யுவான் லாங்பிங் இதை நம்பவே முடியாது என்று வெளிப்படையாக மறுத்தார். அதுவும் சேர்ந்து பறந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 22.4 டன் என்றால் ஏக்கருக்கு 9 டன். 60 கிலோ மூட்டையில் 150 மூட்டை! 40 மூட்டை எடுத்தாலே நம்ம ஊரில் நல்ல வெள்ளாமை என்போம்.

சுமந்த் குமார் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அறுவடையின்போது அதிகாரிகளும் ஊராரும் கூடி நின்றார்கள் என்பது பதிவில் இருக்கிறது. கெட்டுப்போனது செய்தி கைமாறிய விதம். அவர் போட்டது வீரிய ஒட்டு ரகம். தொழு உரத்தோடு கொஞ்சம் ரசாயன உரமும் போட்டிருக்கிறார். ஆனால் நம் குழுக்களுக்கு வந்து சேரும்போது அது "இயற்கை விவசாயத்தில் உலக சாதனை" ஆகிவிட்டது. ரகம் போயிற்று, உரம் போயிற்று, எண் மட்டும் மிஞ்சியது. அதைப் படித்துவிட்டு, பாரம்பரிய நெல்லை ஒற்றை நாற்றாக நட்டு 20 மூட்டை எடுத்த தம்பி என்ன நினைப்பான்? "இயற்கை விவசாயம் நம்மகிட்ட வேலைக்கு ஆகாது" என்று அடுத்த பட்டத்துக்கு யூரியா மூட்டையைத் தூக்கிவிடுவான். மிகைப்படுத்திய ஒரு செய்தி, எதிரி செய்யும் பத்துப் பிரசாரத்தைவிட நம்மை அதிகமாகப் பாதிக்கும்.

பட்டறையும் கடையும்

கருவி விஷயத்தில் சமூக ஊடகம் உருப்படியான வேலை செய்திருக்கிறது. ஒற்றை நாற்று முறையின் உயிரே களைக்கருவிதான். நாம் உருட்டுகிற கோனோ வீடர் பிலிப்பைன்ஸில் இருக்கும் அதே பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது என்பது வேடிக்கைதான். அது களிமண்ணில் இழுக்கக் கனம், பெண்களுக்குக் கஷ்டம் என்று எல்லா நாட்டிலும் புகார் வந்தது. அந்தந்த ஊர்ப் பட்டறைக்காரர்கள் குறுக்கினார்கள், வளைத்தார்கள், சக்கரத்தை மாற்றினார்கள், எஞ்சின் பூட்டினார்கள். இப்படிக் கருவி செய்கிறவர்களுக்கென்றே கார்னெல் மையத்தார் ஒரு ஃபேஸ்புக் குழு வைத்து, படமும் அளவும் பரிமாற வழிசெய்தார்கள். ஒரு நாட்டுக் கொல்லர் செய்ததை இன்னொரு நாட்டுக் கொல்லர் பார்த்துத் தன் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். காப்புரிமை கிடையாது, ராயல்டி கிடையாது. கருவியை ஒருமுறை உருட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்பதால் இதில் பொய்க்கும் இடம் குறைவு.

விற்பனையிலும் ஒரு எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் லோட்டஸ் ஃபுட்ஸ் என்ற அரிசிக் கம்பெனி, கம்போடியா, இந்தோனேசியா, மடகாஸ்கர் நாட்டுச் சிறு உழவர்கள் இந்த முறையில் விளைவித்த அரிசியை 2009 முதல் வாங்கி, 'துளிக்கு அதிக விளைச்சல்' என்ற கருத்தை அட்டையில் போட்டு விற்கிறது. வாங்குகிறவர் அரிசியோடு அதன் கதையையும் வாங்குகிறார். நம் ஊரிலும் மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் இன்று வாட்ஸ்அப் மூலமே நேரடியாக வீடுகளுக்குப் போகின்றன. ஆனால் கதை விற்கும் இடத்தில் கதை சுத்தமாக இருக்க வேண்டும். பத்துப் பேர் உண்மையாக விற்கும் சந்தையில், ஒருவர் ஆலை அரிசியைப் பாரம்பரிய அரிசி என்று படம் போட்டு அனுப்பினால் பதினொரு பேருக்கும் பெயர் கெடும்.

பாட்டி சொன்னதற்கு ஆதாரம் எங்கே?

"நாம எதுக்கு எழுதி வைக்கணும், தெரிஞ்ச விஷயம்தானே" என்று கேட்பவர்களுக்கு மஞ்சள் வழக்கு நினைவிருக்க வேண்டும். 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் வீட்டு அடுக்களை அறிவு அது. இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்துப் போராடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. "எங்க பாட்டிக்கே தெரியும்" என்று சொல்லி ஜெயிக்கவில்லை. பழைய நூல்களிலிருந்தும் அச்சான கட்டுரைகளிலிருந்தும் ஆதாரம் எடுத்து வைத்துத்தான் ஜெயித்தது. அந்த அனுபவத்தில்தான் 2001-இல் மரபு அறிவு மின் நூலகம் தொடங்கினார்கள். சித்த மருத்துவ நூல்களில் உள்ளவையும் அதில் ஐந்து வெளிநாட்டு மொழிகளில் பதிவாகின்றன.

இதிலிருந்து நமக்குப் பாடம் இதுதான். தேதியோடும் பெயரோடும் வெளியான அறிவைத் திருடுவது கடினம். வாட்ஸ்அப்பில் பெயர் இல்லாமல் ஓடுகிற அறிவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கைபேசியை மாற்றினால் குழுவின் பாதி வரலாறு காணாமல் போகிறது. அகமதாபாத்தில் பேராசிரியர் அனில் குப்தா தொடங்கிய தேனீ வலையமைப்பு, 1980-களின் கடைசியிலேயே ஒரு விதி வைத்தது. உழவர் கண்டுபிடித்ததை வெளியிட்டால் அவர் பெயரையும் ஊரையும் சேர்த்தே வெளியிட வேண்டும், அவர் மொழியிலேயே அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மதுரையிலிருந்து வந்த 'நம்வழி வேளாண்மை' இதழ் அதன் தமிழ்ப் பிள்ளை. இணையம் இல்லாத காலத்து விதி, இணையக் காலத்துக்கு இன்னும் பொருந்துகிறது.

"இவர் எந்த ஊர்க்காரர்?"

காணொளி விஷயத்திலும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2006-இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி மையத்தில் ரிக்கின் காந்தி என்பவர் தொடங்கிய வேலை, பின்னால் டிஜிட்டல் கிரீன் என்ற தனி அமைப்பானது. பாரம்பரிய விதைக்காகப் பாடுபட்ட கிரீன் ஃபவுண்டேஷனோடு சேர்ந்து, கர்நாடகக் கிராமங்களில் உழவர்களையே படம் பிடித்து உழவர்களுக்கே காட்டினார்கள். படம் பார்ப்பவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "இவர் பேர் என்ன, எந்த ஊர்க்காரர்?" என்பதுதான். தன்னைப் போல மண்ணும் தண்ணீரும் உள்ள ஆள் என்றால் நம்பினார்கள். படத்தை நடுவில் நிறுத்தி, கேள்வி கேட்டு, பதில் சொல்லி, அடுத்த வாரம் யார் செய்தார்கள் என்று விசாரிக்க ஊரிலேயே ஒருவர் இருந்தார். வழக்கமான விரிவாக்கப் பணியைவிட, செலவழித்த பணத்துக்குப் பத்து மடங்கு பலன் கிடைத்ததாக அந்த ஆய்வு சொன்னது.

யூடியூபில் லட்சம் பேர் பார்த்த காணொளியைவிட, திண்ணையில் இருபது பேர் பார்த்துப் பேசிய காணொளி வயலுக்குள் இறங்குகிறது. நம் வட்டாரக் கூட்டங்களில் இதைச் செய்ய ஒரு கைபேசியும் ஒரு வெள்ளை வேட்டியும் வாடகைக்கு ஒரு புரொஜெக்டரும் போதும்.

அளந்து போடுவோம்

இனி குழுவில் விளைச்சல் பற்றிப் போடுகிற நண்பர்கள் கீழே உள்ளதைக் கடைப்பிடித்தால் போதும், நம் குழு நல்ல ஆராய்ச்சி நிலையம் ஆகிவிடும்.

1. ஊர், மண் வகை, ரகம், விதைத்த நாள், நட்ட நாள், அறுத்த நாள் ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள்.

2. வரப்போரம் விட்டு, வயலின் நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி அறுங்கள். வரப்போரப் பயிர் எப்போதும் கொழுத்திருக்கும், அது கணக்கைக் கெடுக்கும். 25 சதுர மீட்டரில் வந்த கிலோவை 162-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு, 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு. ஒரு வயலில் இரண்டு மூன்று இடத்தில் எடுத்துச் சராசரி போடுவது நல்லது.

3. நெல்லைக் காயவைத்து எடை போடுங்கள். 14 சதவீத ஈரம்தான் பொதுக் கணக்கு. 25 சதுர மீட்டரில் 18 கிலோ பச்சை நெல், ஈரம் 20 சதவீதம் என்று வையுங்கள். அப்படியே பெருக்கினால் ஏக்கருக்கு 2,916 கிலோ. 14 சதவீதத்துக்குக் காய்ந்த பிறகு அது 2,710 கிலோதான். வெறும் ஈரத்திலேயே மூன்று மூட்டைக்கு மேல் வித்தியாசம்!

4. பக்கத்திலேயே பத்து சென்டாவது பழைய முறையில் விடுங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் எந்தக் கரைசலுக்கும் புகழ் பாட வேண்டாம்.

5. ஆள் கூலியையும் சேர்த்துச் செலவை எழுதுங்கள்.

6. தேறாமல் போனதையும் போடுங்கள். "இந்தக் கரைசல் என் வயலில் கேட்கவில்லை" என்ற ஒரு வரி, பத்துப் பேரின் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

7. அடுத்தவர் சொன்னதை அனுப்பினால் அவர் பெயரும் ஊரும் சேர்த்து அனுப்புங்கள். பெயர் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள்.

குழுவை நடத்துகிற நண்பர்கள் பருவத்துக்கு ஒருமுறை இவற்றைத் தொகுத்து, அச்சிட்டு, வட்டாரக் கூட்டத்தில் படித்துக் காட்டலாம். பத்து ஊரில் ஐம்பது உழவர்கள் இரண்டு பட்டம் இப்படி அளந்தால், பாரம்பரிய நெல்லில் நம்மிடம் இருக்கும் கணக்கைப் போல எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இருக்காது. அரசு அதிகாரி கேட்டாலும், வங்கி கேட்டாலும், ஆய்விதழ்காரர் கேட்டாலும் எடுத்து நீட்டலாம்.

லௌலானியே பாதிரியாரிடம் கைபேசி இல்லை. இருபது வருடம் வயலில் நின்று குறித்து வைத்த நோட்டு இருந்தது. நம்மிடம் இரண்டும் இருக்கலாம். வருகிற சம்பாவிலிருந்தே தொடங்குவோம். தராசையும் அளவு நாடாவையும் களத்துமேட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். அளந்ததை எழுதி, பெயரும் ஊரும் போட்டு அனுப்புங்கள். வருவதை இந்த இதழில் வெளியிடுவோம்.